கற்பனை உலகும் கடன்பட்ட பெயர்களும்

புத்தளம் நகருக்குத் தெற்கே, பாலாவிச் சந்தியிலே பிரிந்து கற்பிட்டிக் குடாநாட்டின் ஊடாகச் செல்லும் வீதி ஒருபுறம் களப்பையும் மறுபுறம் பெருங்கடலையும் கொண்டது. அவ்வீதியின் மருங்கிலும், களப்புக்கு வடக்கே வில்பத்துக் காடு கடலைத் தொடும் கரையிலும் உள்ள இடங்களின் பெயர்கள் சில வருமாறு: நுரைச்சோலை, ஆலங்குடா, மாம்புரி, குறிஞ்சிப்பிட்டி, பூக்குளம், பொன்பரப்பி, குதிரைமலை. இப்பிரதேசத்தை முன்பின் அறியாத ஒருவர் இப்பெயர்களைக் கேட்பாராயின், இவை ஏதோ ஒரு மாயக்கதையில் வரும் நாடுகள் என்றே எண்ணுவார். அரசகுமாரன் ஒருவன் குதிரைமலையிலே புறப்பட்டுப் பொன்பரப்பியைக் கடந்து நுரைச்சோலையை அடைந்தான் என்று ஒரு பாட்டி கதை தொடங்கினால், கேட்டிருக்கும் குழந்தை அதனை ஐயுறாது. ஆயினும் இவை வலை இழுப்போரும், உப்பு வாருவோரும், மணல் தோட்டங்களுக்கு நீர் இறைப்போரும் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர்கள்.

கற்பனை உலகுகளைப் படைக்கும் எழுத்தாளர் இத்தகைய பெயர்களைத் தேடியே இராப்பகலாக உழைக்கின்றனர். அவர்கள் அவற்றை எங்கிருந்து பெறுகின்றனர்? வெறும் மனத்திலிருந்து படைக்கின்றனரா? அன்றி, யாரோ எப்போதோ இட்ட பெயர்களின் சாயலைக் கடனாகப் பெறுகின்றனரா? கடன் எனின், அதனைக் கொடுத்தவர் யார்? பெற்றவர் ஆற்றவேண்டிய கைம்மாறு யாது? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது இலக்கிய வரலாற்றின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் சிறிய வினாவாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், இது அறத்தைப் பற்றிய வினாவென்பது புலனாகும்.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகைப்படுத்துவர் நன்னூலார். ‘மரம்’ என்பதற்குக் காரணம் கூறல் இயலாது; முன்னோர் இட்டனர், பின்னோர் வழங்கினர். ‘பறவை’ என்பதற்குப் பறத்தலே காரணம். கிரேக்க நாட்டிலே பிளேட்டோவும் ‘கிரட்டிலஸ்’ என்ற உரையாடலில் இவ்வினாவையே எழுப்பினார்: பெயர் பொருளின் இயல்பிலிருந்து பிறப்பதா, மக்களின் உடன்பாட்டிலிருந்து பிறப்பதா? இவ்விரு மரபுகளும் உள்ள உலகத்தைப் பற்றியே பேசின. இல்லாத உலகம் ஒன்றைப் படைப்பவனுக்கோ இத்தகைய கட்டு எதுவும் இல்லை போலத் தோன்றுகின்றது. அவனது மலைக்கு முன்னோரும் இல்லை, வழக்கும் இல்லை. அவன் வாய்க்கு வந்ததே பெயர். இடுகுறியின் முழுமுதற் சுதந்திரம் அவனிடமே உளது எனலாம்.

ஆனால் இச்சுதந்திரம் மெய்யானதன்று என்பதற்குச் சான்றுகள் பல. ஆர். கே. நாராயணின் மால்குடி எந்த இந்தியப் படத்திலும் இல்லாத ஊர். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சுவாமியும் நண்பர்களும்’ என்ற நாவல் தொடக்கம் அவரது கதைகள் அவ்வூரிலேயே நிகழ்ந்தன. அந்நாவலை எழுதத் தொடங்கியதைப் பற்றி அவர் கூறுவது வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளிலே ஒரு பயிற்சிக் கொப்பியை வாங்கி எழுத அமர்ந்தார்; மனக்கண்ணிலே முதலில் தோன்றியது ஒரு சிறிய புகையிரத நிலையம். நிலையம் தோன்றிய பின்னரே ஊர் பிறந்தது. பாட்டியின் பஞ்சாங்கமும், கடைக் கொப்பியும், தென்னிந்தியாவில் எவரும் கண்டிருக்கக்கூடிய ஒரு நிலைய மேடையும் இல்லையெனின் மால்குடி இல்லை.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த உலகம் இன்னும் விரிவானது. தனி மொழிகள், தனி வரலாறுகள், தனி நிலப்படங்கள் அனைத்தும் அதற்கு உண்டு. 1954ஆம், 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘லோர்ட் ஒஃப் த றிங்ஸ்’ என்னும் பெருங்கதையிலே, தலைவனுக்கு இறுதிவரை துணைநிற்கும் தோட்டக்காரனின் பெயர் சாம் கம்ஜீ. அப்பெயர் எந்தத் தேவமொழியிலிருந்தும் வந்ததன்று. டோல்கீனின் இளமைக்காலப் பேர்மிங்ஹாம் நகரிலே பஞ்சைக் ‘கம்ஜீ’ என்றே வழங்கினர். அந்நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் சம்சன் கம்ஜீ என்பார், புண்ணுக்குக் கட்டும் பஞ்சுத் துணி ஒன்றை 1880ஆம் ஆண்டளவில் ஆக்கியமையே அவ்வழக்குக்குக் காரணம். புண்ணை மூடிய பஞ்சின் பெயர், துன்பத்திலே தோள்கொடுத்த தோழனின் பெயராயிற்று. மேலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1956ஆம் ஆண்டில், அதே பெயரை உண்மையாகவே உடைய ஒருவர், தம் பெயர் கதையிலே வருவதைக் கேள்வியுற்று, இலண்டனிலிருந்து டோல்கீனுக்குக் கடிதம் எழுதினார். டோல்கீன் அதனை ஒதுக்கவில்லை. பெயர் வந்த வழியை விளக்கிப் பணிவுடன் மறுமொழி எழுதினார். தம் கையொப்பமிட்டு நூலின் பாகங்களையும் அனுப்பினார். கற்பனையாளனின் கதவைக் கடன்கொடுத்தவன் தட்டிய அரிய நிகழ்ச்சி இது. கடன்பட்டவர் கதவைத் திறந்தார் என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இங்கு ஒரு தடை எழும். பெயரின் சிறிய மூலத்தைத் தேடிக் காண்பது வியப்பைக் கொல்வதாகாதா? பஞ்சு என்றும் கொப்பி என்றும் பிரித்துக் காட்டினால் மாயக்கதையிலே எஞ்சும் மாயம் யாது? இத்தடைக்கு விடைகாணத் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. புத்தளத்துக் கரையிலேயே தமிழரின் பழைய மாயவுலகம் ஒன்றின் வாயில் உளது.

புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’ தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பாமர மக்கள் விரும்பிப் படித்த கதைப்பாடல். ஆடவரை வெறுத்து மதுரையை ஆண்ட அல்லியையும், சூழ்ச்சியால் அவளை மணந்த அருச்சுனனையும் பற்றிய அக்கதைக்கு வியாசபாரதத்தில் இடமில்லை. அது மக்கள் படைத்த பாரதம். அவ்வல்லியின் அரண்மனை குதிரைமலையிலே இருந்தது என்பது இக்கரையோரத்து ஐதிகம். வில்பத்து வனத்தின் மேற்கு விளிம்பிலே, செம்மண் மேடாகக் கடலுக்கு மேல் எழுந்து நிற்கும் முனை அது. முத்துச் சலாபக் கடல் அதற்கு அண்மையது. உரோமானிய ஆசிரியர் பிளினி, புயலால் அலைப்புண்ட ஒருவன் தப்ரபேனில் அடைந்த துறையை ‘ஹிப்புரோஸ்’ என்று குறித்துள்ளார். குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதிலே தொனித்தல் கண்டு, அத்துறை குதிரைமலையே எனக் கொண்ட அறிஞரும் உளர்.

கதையைக் கட்டிய மக்கள் அவ்வல்லமை மிக்க அரசிக்குச் சூட்டிய பெயரை நோக்குக. இடியின் பெயரையோ வாளின் பெயரையோ அவர்கள் தேடவில்லை. குளத்திலே பூக்கும் ஒரு கொடியின் பெயரை எடுத்தனர். மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்களை ‘வில்லு’ என்பது இப்பிரதேச வழக்கு. வில்பத்து என்ற பெயரும் அதனை அடியாகக் கொண்டதென்பர். அவ்வில்லுகளிலே அல்லியைக் காணாத கண் இல்லை. நீர் மொள்ளப் போனவளும் மாடு குளிப்பாட்டப் போனவனும் தினமும் கண்ட பூ அது. நிலவிலே மலர்ந்து கதிரவனைக் கண்டு கூம்பும் மலராக அல்லியைப் புலவர் மரபு காட்டும். ஆண்மையின் வெயிலுக்குத் தன்னை மூடிக்கொண்ட ஒருத்திக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு உண்டோ? அதே கதைத் தொடரில் வரும் மற்றொரு நாயகி பவளக்கொடி. அவளது பெயரோ கடலடியிலிருந்து எடுத்தது. கற்பிட்டிக்கு அப்பால், 1992ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைத் தொடரைப் படகிலிருந்து கண்டவர்க்கு அப்பெயரின் நிறம் தெரியும்.

ஆகவே, மூலத்தை அறிவதால் மாயம் குன்றுவதில்லை. அரசி பூவாகிச் சிறுப்பதில்லை. பூ அரசியாகிப் பெருக்கின்றது. அல்லிக் கதையைக் கேட்டவன் மறுநாள் குளத்தைக் காணும்போது அங்கே முன்பு காணாத ஒன்றைக் காண்கின்றான். கற்பனை தான் கடன்பெற்ற பொருளுக்கு ஆற்றும் முதற் கைம்மாறு இதுவே: அதனைப் பார்க்கத்தக்கதாக்கித் திருப்பித் தருதல்.

ஆனால் எல்லாக் கடனும் இவ்வாறு நேர்மையாகத் தீர்வதில்லை. அல்லியின் பெயரே அதற்கும் சான்று. ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ பெண்ணொருத்தியின் சொல் செல்லுமாயின் ‘அல்லி ராச்சியம்’ என்று எள்ளுவது தமிழர் வழக்காயிற்று. ஆட்சித்திறனுக்கு இட்ட பெயர் ஆட்சியை இகழும் பெயராயிற்று. பெயரை முதலில் இட்டவர் அதனை மதிப்போடு இட்டனர். பின்னர் எடுத்தாண்டவர் அதனைக் கைப்படியாகக் கொண்டு ஏளனம் செய்தனர். பெயரின் மூலத்தை மறந்தமையே இதற்கு ஏதுவாயிற்று என்று கூறின் அது மிகையாகாது.

குதிரைமலைக்குத் தெற்கே, உள்நாட்டில் உள்ளது பொன்பரப்பி. அங்கே பெருங்கற்காலத்துத் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. மட்தாழிகளிலே மனித என்புகளும், அவற்றோடு வைத்த கலங்களும் மணிகளும் கிடைத்தன. அம்மக்கள் உண்மையாகவே வாழ்ந்தவர்கள். உறவினர் அழ, மண்ணிலே இடப்பட்டவர்கள். அவர்களுள் ஒருவரின் பெயரேனும் இன்று தெரியாது. குதிரைமலை அல்லிக்கோ என்பு இல்லை. பெயர் மாத்திரம் உளது. ஒரே கரையிலே, சில மைல்களுக்குள், பெயரில்லாத உடல்களும் உடலில்லாத பெயரும் அருகருகே உள்ளன. உள்ளவரை மறந்து இல்லாதவளை நினைத்தல் நீதியோ என ஒருவர் வினவக்கூடும். எனினும் இவ்விரண்டும் தொடர்பற்றவை அல்ல. இல்லாத அல்லிக்குப் பெயர் கொடுத்தவர் யாவர்? பெயர் எஞ்சாத உள்ள மக்களே. தம் பெயரை விட்டுச்செல்ல வழியற்றவர்கள், தாம் பார்த்த பூவின் பெயரை விட்டுச்சென்றனர். கற்பனைப் பெயரைப் பேணுதல் அவர்களைப் பேணுதற்கு எஞ்சியுள்ள ஒரு வழியாகும்.

மெய்யான ஊர்ப்பெயர்களுக்கும் இது பொருந்தும். புத்தளம் என்பதைப் ‘புது அளம்’, அதாவது புதிய உப்பளம், எனப் பிரித்துப் பொருள்கூறுவது மரபு. 1344ஆம் ஆண்டில் வந்த இபுன் பத்தூத்தா ‘பத்தாலா’ என்று எழுதிய பட்டினம் இதுவே என்பர். சிலாபம் என்பது முத்துக்குளித்தலைக் குறிக்கும் ‘சலாபம்’ என்ற சொல்லின் திரிபென்பர். முந்தல் என்பது நீரினுள் முந்திநிற்கும் நிலம். திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பினால் புகழ்பெற்ற உடப்பு, ‘உடைப்பு’ என்பதிலிருந்து வந்ததென ஒரு விளக்கம் வழங்குகின்றது. உப்பு, முத்து, மணல்முனை, உடைந்த கரை ஆகிய இவையே இக்கரையின் பெயர்க் களஞ்சியம். இட்டவர் பெயர் ஒன்றும் பதியப்படவில்லை. அவற்றைத் திரட்டிப் பதிந்தவருள் முன்னோடி இக்கரையில் பிறந்தவரே. கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கை இடங்களை அகரவரிசையிலே விளக்கும் நூலொன்றை 1834ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார்; 1859ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலிலே தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்தார். ஊரின் பெயரையும் புலவனின் பெயரையும் மறதியிலிருந்து மீட்பதை ஒரே பணியாக அவர் கொண்டமை தற்செயலன்று.

இவற்றுக்கு எதிராக நிற்பது அதிகாரம் இடும் பெயர். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைநகர் அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. இவையும் ஒருவகைக் கற்பனை உலகமே. ஆனால் கண்முன் இருந்த பனையையும் மணலையும் பாராது கட்டிய கற்பனை. அவற்றுள் ‘டெல்வ்ட்’ ஒன்றே ஆங்கில வழக்கில் எஞ்சியது. அதனையும் ஊரவர் நெடுந்தீவு என்றே வழங்குவர். நம் காலத்துச் சான்றும் உண்டு. நுரைச்சோலையில் அமைந்து, 2011ஆம் ஆண்டில் மின்னுற்பத்தியைத் தொடங்கி, 2014ஆம் ஆண்டில் 900 மெகாவாற்று ஆற்றலை எய்திய நிலக்கரி மின்நிலையத்தின் முறையான பெயர் ‘லக்விஜய’. நாடெங்கும் மக்கள் சொல்வதோ ‘நுரைச்சோலை’ என்றே. அதிகாரம் இட்டவை யாவும் அழியும் என்று கூறுதல் பொருந்தாது. கற்பிட்டியின் அருகேயுள்ள போர்த்துக்கல் விரிகுடா, ஒல்லாந்தர் விரிகுடா என்னும் பெயர்கள் இன்றும் நிலப்படத்தில் உள்ளன. ஆயினும் பெயரைத் தாங்குவது கட்டளையன்று, நாள்தோறும் உச்சரிக்கும் வாயே என்பது இவற்றால் விளங்கும்.

மற்றொரு தடை முன்னதினும் வலியது. பெயர்க்காரணம் எனக் கூறப்படுவனவற்றுள் பல பின்னர்ப் புனைந்தவை அல்லவா? மகாவம்சம் ஒரு கதை கூறும். விசயனும் தோழரும் கப்பலினின்று இறங்கிக் களைப்பால் நிலத்தில் கையூன்றி அமர்ந்தனர். செம்மண் படிந்து கைகள் சிவந்தன. அதனால் அவ்விடம் தம்பபண்ணி எனப் பெயர்பெற்றது. கிரேக்கர் சொன்ன தப்ரபேன் அதன் திரிபே என்பர். அவர்கள் இறங்கிய கரை குதிரைமலையை அடுத்தது எனக் கூறுவாரும் உளர். ஒரு பெருந்தீவின் பெயர், களைத்தவன் உள்ளங்கையில் ஒட்டிய புழுதியிலிருந்து பிறந்தது என்ற இந்நினைவு அழகியது. அது வரலாற்று உண்மையா என்பது வேறு.

இங்கே ஒரு வேறுபாட்டை நிறுவுதல் வேண்டும். பெயர்க்காரணம் இருவகையாகப் பயன்படும். ‘இம்மண்ணுக்கு யாம் கடன்பட்டோம்’ என்று கூறுவது ஒன்று. ‘இப்பெயர் எமது, ஆகவே இம்மண்ணும் எமதே, பிறர் அகல்க’ என்று கூறுவது மற்றொன்று. முன்னது நன்றி, பின்னது உறுதிப்பத்திரம். புனைந்த காரணம் நன்றியாக நின்றால் எவர்க்கும் தீங்கில்லை. பத்திரமாக மாறுமாயின், மெய்யான காரணமும் தீங்கே பயக்கும். சிலாபத்திலிருந்து தெற்கே நீளும் கரையிலே, சில தலைமுறைகளுக்கு முன் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல இன்று சிங்களம் பேசுகின்றன. ‘வில்லு’ எனத் தமிழர் வழங்கும் நீர்நிலையைச் சிங்களவர் ‘வில’ என்பர். இத்தகைய கரையிலே ஒரு பெயரைக் கூறுபோட்டு எல்லை பிரிக்க முயல்வோர், நீரைக் கத்தியால் வெட்ட முயல்வோரை ஒப்பர்.

பெயர் பத்திரமானால் விளைவது யாது என்பதை இம்மாவட்டம் அறியும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மண்ணின் பெயரால் பேசியவர்களே அம்மண்ணின் மக்களை அகற்றினர். அவ்வாறு வந்தோரில் பெருந்தொகையினர் தஞ்சமடைந்தது புத்தளத்திலே. அவர்களுக்கு முதலில் கிடைத்த பெயர் ‘அகதி’. அவர்கள் தேர்ந்த பெயரன்று அது. ஓலைக் குடிசைகள் எழுந்த இடங்களுக்கு மெல்ல மெல்லப் பெயர்கள் அமைந்தன. புத்தளம் நகரை அடுத்து உப்பளத்தின் அருகே எழுந்த குடியிருப்பை, உப்பளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் ‘சோல்ட்டேர்ன்’ என்றே வழங்கினர். புது அளம் என முன்னொருகால் பெயர்பெற்றதாகக் கூறப்படும் ஊரிலே, எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களின் புதிய இருப்பிடமும் அளத்தின் பெயரையே பெற்றது. எவரும் இதனைத் திட்டமிடவில்லை. கண்முன் உப்பு இருந்தது. வாய் அதனைச் சொன்னது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள பெற்றோரின் ஊர், கேட்டறிந்த பெயரளவிலேயே இருந்தது. கிணற்றையும் வேம்பையும் பள்ளிவாசற் படியையும் தாய் சொல்லச் சொல்ல அது ஓர் உலகமாக விரிந்தது. கற்பனை உலகு என்பது எழுத்தாளருக்கு மாத்திரம் உரியதன்று. இழந்தவரும் அதனைக் கட்டுகின்றனர். அவர்களும் சிறிய பொருள்களைக் கொண்டே கட்டுகின்றனர்.

இதுகாறும் கூறியவற்றால், பெயரிடுவோன் படைப்பவன் என்பதினும் கடன்படுபவன் என்பதே பொருந்தும் எனத் தெளியலாம். அவனது கடன் மூன்று. பெயரைத் தந்த சிறுபொருளை உற்றுநோக்குதல் முதலாவது. பாராது இட்ட பெயர் அம்ஸ்ரடாம்போல் உதிரும். எடுத்த பெயரை இழிவுக்கு ஆளாக்காமை இரண்டாவது. அல்லிக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராதிருத்தல் வேண்டும். பெயரை முன்னர் வழங்கியவரின் வாயை அடைக்காமை மூன்றாவது. கடிதம் எழுதிய கம்ஜீக்கு மறுமொழி கிடைத்ததுபோல் அவர்களுக்கும் மறுமொழி கிடைத்தல் வேண்டும். இம்மூன்றும் கதை எழுதுவோர்க்கு மட்டும் உரிய விதிகள் அல்ல. குழந்தைக்கும் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பெயரிடும் எவர்க்கும், ஓர் ஊரின் பெயரை வரலாற்றில் எழுதும் எவர்க்கும் இவை உரியன.

காரணப்பெயர்கள் காலத்தால் காரணம் மறந்து இடுகுறிபோல் ஆதல் மொழியின் இயல்பு. அதனைத் தடுத்தல் இயலாது. ஆயினும் மறந்தபின்னும் பெயரை மதித்தல் இயலும். நுரைச்சோலை என்ற சொல்லைக் கேட்டவுடன் மின்வெட்டு நினைவுக்கு வருவது இக்காலத்தின் இயல்பு. அங்கே ஒருகால் ஒருவர் நின்று, கரையிலே நுரையையும் அதன்பின்னே சோலையையும் கண்டு, இரண்டையும் ஒருங்கே சொல்லியிருக்கலாம். அவரது பெயர் எவர்க்கும் தெரியாது. அவர் கண்டதை ஒருகணம் எண்ணிப்பார்த்தல் அவர்க்குச் செய்யக்கூடிய மரியாதையாகும்.